தம்ளரில் வெட்டிய பெயர்

ஒருவர் எழுதியதைப் படித்து உயிர் பிழைத்த மனிதரின் வீட்டுக்கு மருமகளாகப் போய்விட்டு, அந்த எழுதியவருடைய பெயர் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்ததா? ஈப்போவுக்குத் திரும்பி, பெட்டிகளைப் பிரித்து, தாம்பரத்து மண்ணைச் செருப்பிலிருந்து தட்டிய பிறகும் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

"இந்தியா போய் வந்தாயே, நம் பத்திரிகைக்கு எழுது" என்று மாதர் சங்கத்தில் கேட்டார்கள். எந்தக் கப்பல், எவ்வளவு செலவு என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். போன காரணத்தை மட்டும் சொல்கிறேன். என் கணவருக்கு ஞானஸ்நானம் நடந்த கோவிலிலேயே எங்கள் முதல் பிள்ளைக்கும் நடக்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. இவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "நீ போயிட்டு வா, படிச்ச பெண்தானே" என்றார். படித்ததற்கும் கைக்குழந்தையோடு கடல் கடப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். பிறந்ததிலிருந்து காதால் மட்டும் கேட்ட நாட்டைக் கண்ணால் பார்க்கப் போகிறோம் என்ற குதூகலத்தில் கேட்க மறந்துவிட்டேன்.

மின்சார ரயிலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புகை கிடையாது, கரி கிடையாது. கதவும் கிடையாது!

"மாமா, கதவைச் சாத்த மாட்டார்களா?"

"அது திறந்தபடிதாம்மா ஓடும். காத்து வரட்டுமே" என்றார் மாமா. என் மாமனார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எழும்பூர்வரை வந்து எங்களை அழைத்துக்கொண்டவர், என் பெட்டியைத் தானே தூக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நான் பிள்ளையை, பெயர் வைக்கும்வரை எங்களுக்கு அவன் 'தம்பி'தான், புடவைத் தலைப்பால் என்னோடு சேர்த்து முடிந்துகொண்டேன். அவன் காற்றைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தான். மீனம்பாக்கத்தில் தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாகப் போயிற்று. பல்லாவரத்தில் மலையை உடைத்துக் கல் எடுத்திருந்தார்கள். குரோம்பேட்டையில் பதனிட்ட தோலின் வாடை பெட்டிக்குள் ஏறியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை எடுத்தார்கள். எனக்கு எல்லாமே பிடித்திருந்தது, அந்த வாடை உட்பட.

சானடோரியம் ஸ்டேஷன் நெருங்கியபோது மாமா எழுந்து நின்றார். வெளியே மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம்.

"இளவயசில அங்கதாம்மா படுத்துக் கிடந்தேன். காசநோய். பக்கத்துக் கட்டில்காரங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. எனக்கு யாரோ ஒரு பிரசங்கப் புஸ்தகம் கொடுத்தாங்க. மரத்திலயும் மேகத்திலயும் தேவனோட அழகு தெரியுதுன்னு அவர் எழுதியிருந்தார். ஜன்னல் வழியா அந்த மரங்களைப் பார்த்துக்கிட்டே படிச்சேன். பிழைச்சு வெளியே போனா என் வம்சத்தில அவர் பேர் விளங்கணும்னு பொருத்தனை பண்ணினேன். உன் புருஷனுக்குப் பேர் வைக்கிறதில எங்கப்பா முந்திக்கிட்டார். இப்பதான் எனக்கு முறை வந்திருக்கு."

அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களிலேயே அந்தப் பெயருள்ள தம்பிமார் இருப்பார்கள். யாருக்கும் மனம் நோகக் கூடாது. பல தலைமுறைகளுக்கு முன் அமெரிக்காவில் வாழ்ந்த வேதசாஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு வீட்டில் இன்னும் பெயரே வைக்கவில்லை. மாமாவுக்காகக் காத்திருந்தோம்.

அடுத்த நாள் காலை, "பசியாறிட்டீங்களா?" என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை, அதாவது என் மாமியார், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். "நான் என்ன பட்டினியா கிடந்தேன், பசியாற?" சாப்பிட்டாயிற்றா என்பதற்கு நம் ஊரில் எல்லாரும் கேட்பது அங்கே ஒருவருக்கும் பழக்கமில்லை. சாலையைச் 'சடக்கு' என்றேன், அதற்கும் சிரிப்பு. காப்பியை டபராவில் ஆற்றி நுரை எழும்பக் கொடுத்தார்கள். நம் கோப்பிக் கடைக் கறுப்புக் கோப்பியைக் குடித்து வளர்ந்த நாக்கு, இரண்டாவது நாளே கட்சி மாறிவிட்டது. இட்லிக்கு வடகறி என்று ஒன்று கொடுத்தார்கள். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

அன்றே நாத்தனார் கிரேஸ் அக்காவோடு பல்லாவரம் போனேன். பள்ளி ஆசிரியை; தம்பிக்கு ஞானத்தாயாக நிற்கப் போகிறவர். ரயில் வந்ததும் நான் தம்பியோடு பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டேன். அக்கா துணிப்பையை எடுக்கத் திரும்பினார். ரயில் புறப்பட்டுவிட்டது! பையும் பால்புட்டியும் அக்காவும் பிளாட்பாரத்தில். நானும் ஈரத்துணிப் பிள்ளையும் ரயிலில். நான் அழாத குறை. எதிரே பூக்கூடையோடு இருந்த அம்மாள் அதட்டினார்.

"இன்னாத்துக்கு இப்ப மூஞ்சிய இப்டி வச்சினு கீற? அடுத்த டேசன்ல எறங்கி குந்திக்க. அந்தம்மா அடுத்த வண்டில வந்துகினே இருக்கும். எங்க பூடும்?"

சொன்னபடியே நடந்தது. அக்கா அடுத்த வண்டியின் வாசலில் துணிப்பையைக் கொடிபோல் ஆட்டிக்கொண்டு வந்தார். "மலேசியாவில ரயில் உங்களுக்காக நிக்குமா?" என்றார். நிற்காது. ஆனாலும் அங்கே எனக்கு இப்படி நடந்ததில்லை.

பல்லாவரத்துப் பாத்திரக் கடையில்தான் ஒரு புதுப் பழக்கத்தைக் கண்டேன். வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் வருகிறவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிறார்கள். அதில் பெயரும் நாளும் வெட்டியிருக்கும். நம் பீங்கான் கோப்பைகளில் யாராவது பெயர் எழுதுவோமா? கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து, சிறிய உளியும் சுத்தியலுமாக 'டிக் டிக்' என்று தம்ளரைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தம்ளர்கள்தாம். மாமா நாங்கள் கப்பலேறும் முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

"பேரு ரொம்ப நீளங்கா. தம்ளர ஒரு ரவுண்டு சுத்தி வந்து, ஆரம்பிச்ச எடத்துலயே முட்டுது. யாரு இவுரு, வெள்ளக்காரரா?"

"இந்தப் பிள்ளைதான்" என்றார் அக்கா.

அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினியூண்டு ஆளுக்கு அம்மாம் பெரிய பேரா? தூக்குவானா?"

நாங்கள் சிரித்தோம். வெட்டியதில் தப்பு வந்தால் அழிக்கலாமா என்று நான் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்பது என் சுபாவம். "வெட்னா வெட்னதுதான். தேச்சாலும் போவாது" என்றார்.

வியாழக்கிழமை கோவில் கூடத்தில் பெண்கள் கூட்டம். கணவரோடு ஓராண்டுக்கு அங்குள்ள கல்லூரியில் கற்பிக்க வந்திருக்கும் ரூபி அம்மாள் என்ற அமெரிக்கப் பெண்மணி பேச வந்திருந்தார். கறுத்த நிறம், மணி அடித்தாற்போல் சிரிப்பு. மொழிபெயர்க்க வேண்டியவர் வரவில்லை. "எங்க மருமக இங்கிலீஷ்ல படிச்சவ" என்று அத்தை என்னைத் தள்ளிவிட்டார். முதல் வாக்கியத்தில் தடுமாறினேன். ஆனால் இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு ஒரு வேகம் வந்துவிட்டது. அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, பெண்கள் தலையாட்ட, எனக்கே என்மேல் ஆச்சரியம். பேச்சு முடிந்து தேநீரும் முறுக்கும் வந்தன. ரூபி அம்மாள் தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வைக்கப்போற பேரைச் சொல்லு. அவங்க ஊர்க்காரர்தானே, சந்தோஷப்படுவாங்க" என்றார் அத்தை.

சொன்னேன். ரூபி அம்மாள் சந்தோஷப்படவில்லை. தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சில வாக்கியங்கள் சொன்னார். பெண்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்கும் வேகம் இன்னும் என்னிடம் இருந்தது. சத்தமாகச் சொன்னேன்:

"அவருடைய புத்தகங்களை நானும் படித்திருக்கிறேன். அழகாக எழுதியவர். ஆனால் அவர் மனிதர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். என்னுடைய ஜனங்களை. சைலஸ் என்று ஒரு சிறுவன் அவர் வீட்டில் இருந்தான். அவர் இறந்து சொத்தைப் பிரித்தபோது, மாடு குதிரைகளோடு சேர்த்து அவனையும் எண்ணினார்கள்."

என் வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

கூடத்தில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. அத்தை என் முழங்கையைப் பிடித்து, "அவங்க சொன்னாங்களா, நீயா சேர்த்தியா?" என்றார்.

"அவங்கதான், அத்தை."

"அப்போ கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கக் கூடாது?"

ரூபி அம்மாள் தம்பியை என்னிடம் தந்து, இப்படிச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். பெயர் வைப்பது குடும்பத்தின் உரிமை, தான் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ என்றும் சொன்னார். என்னைப் போலவே தன்னைச் சந்தேகப்படும் ஒரு பெண்ணை அன்றுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

அன்று மாலை ஜெபத்தில் மாமா வழக்கம்போல் அந்த வேதசாஸ்திரியின் வரிகளைத் தன் தமிழில் சொன்னார். மரம், மேகம், இடி, புல். முந்தின நாள் கண் கலங்கக் கேட்ட அதே வரிகள். இப்போது அந்தப் புல்லை வெட்டியது யார் என்று என் மனம் கேட்டது. கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கிறதே என்று மனத்தைத் திட்டினேன். ஆனால் வரிகள் அழகாகத்தான் இருந்தன. அதுதான் சங்கடம். வெள்ளிக்கிழமை முழுவதும் மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். "உன் மாமாவுக்கு நெஞ்சு தாங்காது. தம்ளரும் வெட்டியாச்சு" என்றார் அத்தை.

சனிக்கிழமை, மறுநாள் விருந்துக்கு வஞ்சிர மீன் வாங்க மாமா கோவளம் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் என் வீடு இருக்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

கோவளம்! படகுகள் அலையை ஏறிக் குதித்துக் கரைக்கு வர வர, மணலிலேயே ஏலம் நடந்தது. மாமா தலைமையாசிரியர் குரலில் பேரம் பேசினார். மீன்காரம்மாளிடம் அது செல்லவில்லை. "சார், இது இஸ்கோலு இல்ல. வஞ்சரம்! காத்தாலதான் கடல்ல நீந்திகினு இருந்துச்சு. நீ பேசி முடிக்கறதுக்குள்ள மறுபடி நீந்தப் பூடும்." என்னைப் பார்த்து, "கைக்கொயந்தைய வெயில்ல தூக்கினு வந்துகீறயே, ஒரு குல்லா போட்டா இன்னா?" என்று தன் தலைத்துணியை நனைத்துப் பிழிந்து தம்பி தலையில் போட்டுவிட்டார். மீன் வாடையோடு அவன் குளிர்ந்து தூங்கிப்போனான். அதற்குள் எத்தனை நோய்க்கிருமி இருக்குமோ என்று ஒரு கணம் பயந்தேன். பிறகு எடுக்க மனம் வரவில்லை.

திரும்பும் பஸ் கேளம்பாக்கம் தாண்டியதும் இருமி நின்றது. "வண்டி பேஜார் பண்ணுது, எல்லாம் எறங்குங்க" என்றார் கண்டக்டர். சாலையோரப் புளியமர நிழலில் நானும் மாமாவும் மீன்கூடையும். இதைவிட்டால் வேறு சமயம் இல்லை.

"மாமா, அவர் ஆட்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தாராம்."

மாமா கூடையைக் காலால் நிழலுக்குள் தள்ளினார். "தெரியும்மா."

"அத்தை சொன்னாங்களா?"

"அவ சொல்லலை. சானடோரியத்தை விட்டு வந்து சில வருஷம் கழிச்சு, அவரோட வாழ்க்கைச் சரித்திரம் கையில கிடைச்சுது. அதில ஒரே ஒரு வரி. படிச்சேன், பக்கத்தைத் திருப்பிட்டேன். இன்னி வரைக்கும் திருப்பிக்கிட்டேதான் இருக்கேன்." செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார். "அந்தக் காலம் அப்படின்னு சொல்லிப் பார்த்தேன். எனக்கே ஒட்டலை. அந்தக் காலத்திலயே அது பாவம்னு சொன்னவங்க இருந்தாங்களே. ஆனா ஒண்ணு கேக்கறேன். மருந்து கொடுத்த டாக்டர் வீட்டில பெண்டாட்டியை அடிக்கிறவன்னு பின்னால தெரிஞ்சா, குடிச்ச மருந்தைக் கக்கிட முடியுமா?"

"கக்க வேண்டாம் மாமா. ஆனால் பிள்ளைக்கு அந்த டாக்டர் பேரை வைக்கணுமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. "எங்க தாத்தாவைக் கங்காணி தோட்டக் கூலியாக இந்தக் கடல் வழியாகத்தான் கூட்டிப்போனார், மாமா. யாரும் விலைக்கு வாங்கலை. கூலி வேறு, அடிமை வேறு, எனக்குத் தெரியும். ஆனால் தோட்டத்துத் துரை ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உருகிப் பாடுவாராம், திங்கட்கிழமை பிரம்பெடுப்பாராம். அப்பா அந்தத் துரை பேரைக்கூட எங்களுக்குச் சொன்னதில்லை. இவன் பெரியவனாகி, என் பேர் யாருடையது என்று கேட்டால் நான் எந்தப் பக்கத்தைத் திருப்புவேன்?"

மாமா கூடையில் மொய்த்த ஈக்களை விரட்டினார். "பொருத்தனை பண்ணிட்டேனேம்மா" என்றார் கடைசியில். அந்தக் குரலைக் கேட்டதும், ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது. பிறகு, "ஒரு பையன் இருந்தானாமே, கூட்டத்துக்கு வந்தவங்க சொன்னாங்க. அவன் பேர் என்னம்மா?" என்றார்.

"சைலஸ்."

"சைலஸ்." ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நான் படிச்ச வரியில பேர் இல்லம்மா."

"இன்னா சார், மருமவளாண்ட பஞ்சாயத்தா? அப்பால வச்சிக்க, வந்து தள்ளு சார்!" என்று பஸ்ஸின் பின்னாலிருந்து ஒரு குரல். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தள்ளினார். பஸ் கிளம்பிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் ரூபி அம்மாள் கதர்ப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். மாமா எங்களுக்கு முன்பே தனியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோபம் என்று சொல்ல முடியாது, நினைப்பு எங்கோ இருந்தது. ஞானஸ்நானத் தொட்டியின் அருகே கிரேஸ் அக்கா தம்பியை ஏந்தி நின்றார். பெயரை அங்கே ஞானப்பெற்றோர்தாம் சொல்ல வேண்டும். சபைப் போதகரான ஐயர் கேட்டார்: "இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்."

அக்கா வாயைத் திறந்தார். முன்வரிசையில் மாமா எழுந்து நின்றார். அப்படி எழுவது வழக்கமில்லை.

"தாய் சொல்லட்டும், ஐயரே."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு பெயரையும் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை யோசிக்கும் நான், அன்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

"சைலஸ்" என்றேன். சத்தம் எங்கோ உயரத்தில் வந்தது.

ஐயர் முகம் மலர்ந்தது. "வேதத்தில் பவுலோடு சிறையில் பாடினவர்! நல்ல பெயர்" என்று சொல்லித் தண்ணீரை அள்ளினார். தம்பி அழவில்லை, அவர் அங்கியைப் பிடித்து இழுத்தான். "ஐயோ, தம்ளரு!" என்று அத்தை முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். ரூபி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் தெரியும். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

விருந்தில் வஞ்சிரக் குழம்பு அமர்க்களம். தம்ளர்ப் பெட்டியை அத்தை கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கோர் ஆரஞ்சுப்பழம் கொடுத்து அனுப்பினார். எல்லாரும் போன பிறகு மாமா குனிந்து பெட்டியை இழுத்தார். ஒரு தம்ளரை எடுத்து, பெயரை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"இது எனக்கு. இனிமே இதிலதான் காப்பி குடிப்பேன். பொருத்தனை பண்ணினது நான், பிழைச்சதும் நான். இந்தப் பேரை நான் வச்சுக்கறேன். அவன் எதுக்குச் சுமக்கணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மாலை ஜெபத்தில் அந்த வரிகளுக்கு வந்ததும் பாதியில் நின்றார். மேகம் வரைக்கும் வந்து, புல்லுக்குப் போகவில்லை. நாங்கள் கண்ணை மூடிக் காத்திருந்தோம். பிறகு மெதுவாக மீதியையும் சொல்லி முடித்தார். நான் அவரிடமிருந்து எதையாவது பறித்துவிட்டேனா, அல்லது அவர் பல வருஷமாகத் திருப்பிக்கொண்டிருந்த பக்கத்தில் நின்று படிக்க உதவினேனா? ரயிலேற்றும்போதும் அவர் முகத்தில் தேடினேன். அவர் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சைலஸ், போயிட்டு வரியாடா?" என்று அவன் காதில் சொன்னார்.

மீதித் தம்ளர்களை அத்தை என் பெட்டியில் அடுக்கிவிட்டார். "நல்ல எவர்சில்வர். தூக்கியா போட முடியும்?" அவை இப்போது ஈப்போவில் என் அடுக்களையில் இருக்கின்றன. சைலஸ் அவற்றில்தான் பால் குடிக்கிறான். குடிக்கும்போது, வெட்டிய புள்ளிகள்மேல் அவன் விரல் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒருநாள் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பல்லாவரத்துக்காரர் சொன்னது சரி, போகவில்லை. கடைத்தெருப் பட்டறையில் கொடுத்தால் இழைத்து எடுத்துவிடுவார்களாம். இவர், "உன் இஷ்டம்" என்கிறார். என் இஷ்டம் எது என்று தெரிந்தால் நான் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்?

பிள்ளை வளர்த்த சகோதரிகளே, சொல்லுங்கள். அந்தப் பெயரை இழைத்துவிடட்டுமா? அல்லது இருக்கட்டும் என்று விட்டு, அவன் எழுத்துக் கூட்டிப் படித்து, "அம்மா, இது யார்?" என்று கேட்கிற நாளில் உட்காரவைத்துச் சொல்லட்டுமா? சொல்வதானால், அவன் தாத்தாவைப் பிழைக்கவைத்த மனிதரின் கதையை முதலில் சொல்வதா, மாடுகளோடு எண்ணப்பட்ட பையனின் கதையை முதலில் சொல்வதா? சீக்கிரம் எழுதுங்கள். அவன் இப்போதே எழுத்துகளை விரலால் தடவ ஆரம்பித்துவிட்டான்.